ஹஜ்ஜுக்கு முன் வெள்ளிமலை

பரங்கிப்பேட்டையில் ஒருவருக்கு ஹஜ் பயணம் உறுதியாகிவிட்டால், பெட்டி கட்டுவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்கும் வேலை தொடங்கிவிடும். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், மளிகைக் கடைக்காரர், பத்து வருடமாக முகம் கொடுத்துப் பேசாத நாத்தனார் என்று ஒருவர் விடாமல் போய், தெரிந்தும் தெரியாமலும் ஏதாவது செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். பொருந்திக்கொள்வது என்றால் எங்கள் பேச்சில் மன்னித்து மனசார விட்டுவிடுவது. அவர்களும் பொருந்திக்கிட்டோம், எங்களுக்கும் அங்கே துஆ செய்யுங்கள் என்பார்கள். என்ன தப்பு, யார் செய்தது என்பது முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகமே இருக்காது. டீ வரும், பிஸ்கட் வரும், சாப்பிட்டுவிட்டு அடுத்த வீடு.

நானும் என் வீட்டுக்காரரும் இப்படி ஒன்பது நாள் நடந்தோம். கடைசி வீடு முடிந்ததும் அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "அப்பாடா, எல்லாம் முடிஞ்சிச்சு" என்று நாற்காலியில் சாய்ந்தார். எனக்கு இன்னும் ஒருத்தி பாக்கி என்றேன். எந்தத் தெரு என்றார். கள்ளக்குறிச்சி என்றேன். மனுஷர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

இறைவனுக்குச் செய்த குறையை அவன் நினைத்தால் மன்னித்துவிடுவான். ஒரு மனுஷிக்குச் செய்ததை அந்த மனுஷிதான் மன்னிக்க வேண்டும், அதில் அவன்கூடக் குறுக்கே வரமாட்டான். இதை எனக்குச் சொன்னவர் என் வாப்பா. அவர் மதரஸாவில் உஸ்தாதாக இருந்தவர். பிள்ளைகளை எப்படி வளர்ப்பது, மாணவனுக்கு என்ன குணம் வேண்டும், ஆசிரியருக்கு என்ன குணம் வேண்டும் என்று ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அறிஞர்கள் எழுதி வைத்ததெல்லாம் எங்கள் வீட்டில் இடியாப்பத்தோடு சேர்த்துப் பரிமாறப்படும்.

அந்த அறிஞர்களின் அடிப்படைக் கருத்து எளிமையானதுதான். ஒழுக்கம் பாடம் நடத்தி வருவதில்லை, செய்து செய்து பழகி வருவது. கொடுக்க மனசில்லாதவனும் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் கை தானாக நீளும். அதோடு, தினமும் படுக்கப்போகும் முன் அன்றைக்குச் செய்ததையெல்லாம் தனக்குத்தானே விசாரித்துப் பார்க்கச் சொல்வார்கள். அது தனக்கும் தன்னைப் படைத்தவனுக்கும் நடுவில் நடக்கிற விசாரணை. மூன்றாவது ஆளுக்கு அதில் வேலை கிடையாது.

நான் அந்த விசாரணையை நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வகுப்பறைக்குக் கொண்டுவந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை. நன்னெறி வகுப்பை யாரும் எடுக்கமாட்டார்கள், புதிதாக வந்தவள் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கோ கொண்டாட்டம். வாப்பாவிடம் கேட்டதையெல்லாம் அரபுப் பெயர்களை எடுத்துவிட்டுக் கதையாகச் சொல்வேன். அது போதாதென்று ஒரு வழக்கத்தை நானே உண்டாக்கினேன். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் ஐந்து பிள்ளைகள் எழுந்து நின்று அந்த வாரம் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். பெருமையாக இதை வாப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். "பிள்ளைகள் தனியாக வந்து சொல்வதில்லையா?" என்று ஒரு வரி மட்டும் கேட்டு எழுதியிருந்தார். நமக்கு அப்போது இளரத்தம், புரிந்தால்தானே.

எட்டாம் வகுப்பில் அஞ்சலை என்று ஒரு பெண். சத்துணவு முட்டையை வரிசைக்கு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தபோது, காய்ச்சலில் கிடந்த தம்பிக்காக இரண்டு முட்டையைப் பாவாடையில் மறைத்து எடுத்துப்போனேன் என்று சொல்லிவிட்டாள். வகுப்பு அதைப் பிடித்துக்கொண்டது. அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்தது. ஒரு மாதத்தில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் அடுத்த வருடம் மாற்றலாகி ஊருக்கு வந்துவிட்டேன். பிள்ளைகளின் கேலிதான் அவளை விரட்டியது, நான் கேலியைத் தடுக்காமல் விட்டேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் தனியாகக் கிளம்பினேன். வீட்டுக்காரருக்கு மூட்டு வலி, அதோடு இது என் கணக்கு. யாரிடமாவது நம்பர் விசாரித்துப் போனில் கேட்டுவிடேன் என்றார். நேரில் செய்த தப்புக்குப் போனிலா என்று ஒரு முறை முறைத்தேன், வாயை மூடிக்கொண்டார்.

கடலோரத்தில் பிறந்தவளுக்குக் கள்ளக்குறிச்சி வெயில் ஒரு தினுசு. எங்கள் ஊரில் வெயில் ஈரத்துணியைப் போர்த்துவிடும், வேர்த்துக் கொட்டும். இங்கே வேர்ப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. பஸ்ஸில் பக்கத்தில் நைனார்பாளையத்துக்காரம்மா ஒருவர் மக்காச்சோள மூட்டையை என் காலில் சாய்த்து வைத்துவிட்டு, நான் எதற்குப் போகிறேன் என்பதை நாலே கேள்வியில் கறந்துவிட்டார். மன்னிப்புக் கேட்பதற்கா இம்மாந்தூரம் என்று அவருக்கு ஆச்சரியம். தம் மருமகள் பக்கத்து அறையிலிருந்து வந்து கேட்டாலே போதும் என்றார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன். நான் இருந்த காலத்தில் இங்கே இரண்டு ஹோட்டல்தான், இப்போது திரும்பின பக்கமெல்லாம் பிரியாணி. அசலூரில் நான் கறி சாப்பிடுவதில்லை, இட்லிதான். சாம்பாரில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் தாராளமாகக் கிடந்தன. மீன் வாடையே இல்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்ததும், இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை என்று வயிறு நினைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் அறையிலேயே தொழுதுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கருணாபுரம் போனேன். அஞ்சலையின் அம்மா அங்கேதான் இருந்தார், கூலி வேலைக்குப் போகிறவர். நான் வேலை பார்த்த காலத்தில் இந்த ஊருக்குள்ளேயே இந்தப் பெயர் பலருக்குத் தெரியாது. கள்ளச்சாராயம் குடித்து அத்தனை உயிர் போன பிறகு நாட்டுக்கே தெரிந்த பெயராகிவிட்டது. தெருமுனைக் குழாயில் குடத்தோடு நின்ற அம்மாவிடம் விசாரித்தேன். என் கைப்பையைப் பார்த்தார். டிவியா, கட்சியா என்று கேட்டார். எத்தனையோ பேர் வந்து வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்களாம், போனவர்கள் திரும்பவில்லையாம். நான் டீச்சர் என்றதும் குடத்தைக் கீழே வைத்தார்.

"அஞ்சலையா? அவ ஆத்தா செத்து ஏழெட்டு வருசம் ஆவுது. தம்பி திருப்பூர்ல கீறான். அஞ்சலை மலைல, வெள்ளிமலைல, சோத்துக்கடை வச்சிக்கினு கீறா. புருசனும் அவளுமா பாத்துக்கறாங்க. இன்னா சேதி டீச்சர், எதுனா கஷ்டமா?"

கஷ்டம் எதுவுமில்லை, பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அந்தத் தெருவில் நான் கையில் எதையும் எடுத்து வராமல் போனதற்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை மலை பஸ். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி ஏறும்போது காற்று மாறிவிட்டது. எங்கள் ஊரில் காற்று எப்போதும் கடலிலிருந்து ஒரே வாக்கில் வரும். இங்கே வளைவுக்கு வளைவு வேறு வேறு பக்கத்திலிருந்து வந்து முக்காட்டைப் பிடுங்கியது. ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில் பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கண்டக்டர் கூச்சப்படாமல் ஒவ்வொரு சீட்டாக வந்து தண்ணீர் பாட்டில் வசூல் செய்தார். நான் குடிக்க வைத்திருந்த ஒரு பாட்டிலும் ரேடியேட்டருக்குள் போனது. முன்சீட்டில் இருந்த மலைக்காரப் பெரியவர், வண்டிக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்வது, அதுவும் ஏறித்தானே வருகிறது என்றார். எல்லோரும் இறங்கி நிழலில் நின்றோம். ஒருவர்கூட அவசரப்படவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் கண்டக்டரின் பரம்பரையே சந்திக்கு வந்திருக்கும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். வாப்பா சொன்ன இன்னொன்று அப்போது ஞாபகம் வந்தது. மாணவனிடம் ஒரு குறையைக் கண்டால் ஆசிரியர் அதைப் பச்சையாகப் போட்டு உடைக்கக் கூடாது, சாடையாக உணர்த்த வேண்டும் என்பது அந்தப் பழைய அறிஞர்களின் வழி. பிள்ளை முதல் தடவை தப்பு செய்து அதை மறைக்கப் பார்த்தால், பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும். மறைக்கிறான் என்றால் வெட்கம் இருக்கிறது, வெட்கம் இருக்கிற வரை அவனுக்கு வழியும் இருக்கிறது. திரையைக் கிழித்துவிட்டால் அந்த வெட்கமும் போய்விடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஊருக்கடி உபதேசம், உனக்கில்லையடி என்று சும்மாவா சொன்னார்கள்.

வெள்ளிமலையில் இறங்கியபோது மணி ஒன்று. சோற்றுக்கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை, கடைவீதியே நாலு எட்டுதான். தகரக் கொட்டகை, மூன்று பெஞ்சு. மரவள்ளி மூட்டை ஏற்ற வந்த ஆட்கள் ஐந்தாறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டம் போட்ட லுங்கியில் ஒருவர் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார், அவர்தான் புருஷன். பதின்மூன்று வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை ஒன்று இலை துடைத்துக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து நிமிர்ந்தவளை நான் அடையாளம் கண்டுபிடிப்பதற்குள் அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"மும்தாஜ் டீச்சருங்களா?"

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பெஞ்சைத் துடைத்தாள். புருஷனிடம், மகளிடம், சாப்பிடுகிறவர்களிடம் எல்லாம் எங்க டீச்சர், எங்க டீச்சர் என்றாள். மகள் பெயர் காவியா, எட்டாவது படிக்கிறாள் என்றாள். எனக்கு முன்னால் இலை விழுந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும், இனியும் தாமதிக்கக் கூடாது, கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. ஊரில் ஒன்பது நாள் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்பதுதான் எங்கள் வழக்கம், சாட்சி இருந்தால் நல்லது என்பார்கள்.

நான் ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்று தொடங்கினேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அதுக்கு முன்னால உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் அஞ்சலை. எட்டாவது படிக்கறப்ப ஒரு வெள்ளிக்கிழமை நீ எழுந்து நின்னு..."

"டீச்சர், மொதல்ல கை கழுவிக்கினு வாங்க" என்றாள் அஞ்சலை. "சோறு ஆறிடும். கொழாய் பின்னாடி கீது."

என் இலையைப் பார்த்தேன். அதில் இன்னும் சோறே விழவில்லை.

எழுந்து அவள் பின்னால் போனேன். கொட்டகைக்குப் பின்புறம் ஒரு டிரம், ஒரு குவளை, இரண்டு பப்பாளி மரம். அவள் தண்ணீரை மொண்டு என் கையில் ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவுருக்கு அது தெரியாது டீச்சர். பொண்ணுக்கும் தெரியாது" என்றாள், தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே போகாத குரலில்.

என் உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஒரு தடவை அவளை நாற்பது பேர் முன்னால் திறந்து காட்டியவள், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று புருஷன், பிள்ளை முன்னால் மறுபடியும் திறந்து காட்டப் பார்த்தேன். ஐம்பது வயதில். மலைப்பாதையில் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு வந்த அதே நாளில். அவளோ என்னைத் தடுக்க என் தப்பைச் சொல்லவில்லை, கை கழுவச் சொன்னாள்.

தப்பு செய்துவிட்டேன் அஞ்சலை என்றேன். உன்னை எழுந்து நிற்க வைத்திருக்கக் கூடாது, பிள்ளைகள் கேலி பண்ணினபோது நான் தடுத்திருக்க வேண்டும், பொருந்திக்கொள் என்றேன்.

"அதுல இன்னா டீச்சர் கீது" என்றாள். குவளையை டிரம்மின் மேல் கவிழ்த்து வைத்தாள். நான் முடிந்தது என்று நினைத்தேன். அவள் நகரவில்லை.

"புள்ளைங்க தானா கேலி பண்ணல டீச்சர். நா சொல்லி முடிச்சதும் நீங்க இன்னா சொன்னீங்க, ஞாபகம் கீதா?"

எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை.

"எல்லாரும் கை தட்டுங்கன்னீங்க. அஞ்சலை உண்மைய சொல்லிட்டா, கை தட்டுங்கன்னு. தட்டுனாங்க. நீங்களும் தட்டுனீங்க. நல்ல மனசோடதான் சொன்னீங்க, எனக்குத் தெரியும். அப்பறம் நா எங்க போனாலும் கை தட்டுனாங்க. சோத்து வரிசையில நின்னா தட்டுவாங்க. கக்கூசுக்குப் போனா தட்டுவாங்க. தெருவுல எங்கம்மாகூட போய்க்கினு இருந்தா, எதுருல வர்ற பசங்க தட்டுவாங்க. எங்கம்மா கேப்பாங்க, இன்னாத்துக்குடி உனுக்குக் கை தட்டறாங்கன்னு. பரிசு வாங்கனேம்மான்னு சொன்னேன். அந்தப் பரிச காட்டுடின்னாங்க. அன்னியோட நின்னுட்டேன்."

பப்பாளி மரத்தைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது, அடக்க முயற்சி செய்யவும் இல்லை. நான் பாராட்டியதாக நினைத்திருந்தது, இல்லை, நினைத்துக்கூடப் பார்க்காமல் மறந்தே போனது, அவளைப் பள்ளி வாசலுக்கு வெளியே தள்ளியிருக்கிறது. நல்லது செய்தால் ஊரறியப் பாராட்டு என்றும் அதே அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் மறைக்க வேண்டிய தப்பைத் திறந்து வைத்து, அது மறுபடி மூடாதபடி பாராட்டைக் கொண்டு ஆணி அடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேல் இருபத்திரண்டு வருடமாகப் பழி வேறு போட்டு வைத்திருந்தேன்.

அஞ்சலை என்னை அழவிட்டாள். பிறகு தன் முந்தானையைக் கொடுத்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"மொத கேட்டீங்களே, அது இன்னான்னு தெரியாம கேட்டீங்க" என்றாள். "இப்ப தெரியுது இல்ல. இப்பக் கேளுங்க டீச்சர்."

கேட்டேன். கை தட்டச் சொன்னதற்கு, அதை மறந்ததற்கு, இப்போது கடைக்குள் வாயைத் திறந்ததற்கு, ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டேன். ஊரில் ஒன்பது நாளில் நூறு வீட்டில் கேட்டது எதுவும் கேட்டதே இல்லை என்று அந்த நிமிஷம் தெரிந்தது. அஞ்சலை கொஞ்ச நேரம் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே சொல்லிவிடக் கூடாது, யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்ததோ என்னவோ. உள்ளே இருந்து புருஷன் ரசம் எங்கே என்று குரல் கொடுத்தார். வரேன் என்றாள்.

"சரி டீச்சர். உட்டுட்டேன்" என்றாள் என்னிடம். "நீங்க அங்க போயி எம்பொண்ணுக்கு வேண்டிக்குங்க. நல்லா படிக்கணும்னு."

காவியாவின் பெயரை எழுதிக்கொண்டேன். மறந்தது போதும்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். சோறு, மொச்சைக் குழம்பு, அப்பளம், நான் கேட்காமலே ஒரு கரண்டி சாமைச்சோறு. மொச்சை மெத்தென்று வெந்திருந்தது, புளி எங்கள் ஊரைவிடத் தூக்கல். பசி தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்தது. மூட்டை ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள். காவியா எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே உற்றுப் பார்த்தாள். அழுது சிவந்த கண்ணை மறைக்க முடியவில்லை. அவள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"இவங்க உன்ன ஸ்கூல்ல அடிச்சிருக்காங்களாம்மா?"

என் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. புருஷனும் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார். அஞ்சலை என் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை.

"சேச்சே. ஒரு நாளு கூட கை ஓங்கனதில்ல" என்றாள். "எங்களுக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுத்தவங்கடி. எழுந்து நின்னு வணக்கம் சொல்லு."

பிள்ளை எழுந்து நின்று கை குவித்தது. நான் எச்சில் கையை இலையோரம் வழித்துவிட்டு, பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்து, அவளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று வணக்கம் சொன்னேன்.